அத்தியாயம் 6: உங்கள் மொறிஸ் மைனருக்குள் இருக்கும் எஞ்சின் எந்தக் காலத்தது?

பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் உற்பத்தி ஆண்டு காருக்குரியது. பொனற்றுக்குள் இருக்கும் எஞ்சினும் அதே ஆண்டில் செய்யப்பட்டது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓடும் பழைய கார்களில் இந்த இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்தால், அந்தக் காரின் சொந்தக்காரரைக் கைகொடுத்துப் பாராட்டலாம். மற்றவர்கள் எல்லோரும் பாகம் வாங்கப் புறப்படுவதற்கு முன் இந்த அத்தியாயத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைக்குப் போனாலும் முதற்கேள்வி ஒன்றுதான்: "என்ன வருசத்துக் கார்?" நீங்களும் புத்தகத்தைப் பார்த்து "1961" என்பீர்கள். கடைக்காரர் 948 சிசி எஞ்சினுக்குரிய பிஸ்ரன் செற்றை எடுத்து வைப்பார். அவரில் பிழை இல்லை. வீட்டுக்கு வந்து ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருப்பது 1098 என்று தெரியும். கழற்றிய எஞ்சின் கராஜில் கிடக்க, திருப்பி எடுக்க மாட்டோம் என்று எழுதிய பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்கும். ஆகவே முதலில் எஞ்சினின் காலத்தை அறிய வேண்டும். பாகத்தை எஞ்சினுக்கு என்றே கேட்க வேண்டும்.

நான்கு எஞ்சின்கள், ஒரே உடம்பு

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கம்வரை வந்த இந்தக் காரின் உடம்பு வெளிப்பார்வைக்கு அதிகம் மாறவில்லை. உள்ளே நான்கு எஞ்சின்கள் மாறிவிட்டன. 

முதலில் வந்த எம்எம் வகையில் 918 சிசி பக்கவால்வு எஞ்சின் இருந்தது. இதை அடையாளம் காணக் கருவி எதுவும் வேண்டாம்: ஸ்பார்க் பிளக்குகள் ஹெட்டின் மேல் நட்டுக்குத்தாக நிற்கும், ரொக்கர் கவர் இராது. இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியதும் இந்த வகைக் கார்தான். மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனத்துக்குள் வந்தபிறகு, 1952இல் ஒஸ்ரினின் ஏ சீரிஸ் எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. முதலில் 803 சிசி. 1956 இறுதியில் 'மைனர் 1000' என்ற பெயருடன் 948 சிசி. 1962 இறுதியில் 1098 சிசி. கடைசிக் கார்கள்வரை அதுவே நின்றது.

803, 948, 1098 மூன்றும் தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பிகள். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடிவதுதான் நமக்கு வசதியும் தலையிடியும். மைனருக்குள் இருப்பது மைனருக்கென்று செய்த எஞ்சின்தானா என்பதுகூட நிச்சயமில்லை. ஒஸ்ரின் ஏ35, ஒஸ்ரின் ஏ40 ஃபரினா ஆகியவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது.

ஏ40 என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. நம்மூரில் 'ஏ40' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு கார்களைச் சொல்கிறோம்: டெவன், சொமர்செற், கேம்பிரிட்ஜ், ஃபரினா. முதல் மூன்றிலும் 1200 சிசி எஞ்சின். அவற்றிலும் கேம்பிரிட்ஜில் இருப்பது பி சீரிஸ், மற்ற இரண்டிலும் அதற்கு முந்திய வேறொன்று. ஃபரினாவில் மட்டுமே நாம் பேசும் ஏ சீரிஸ். "ஏ40 எஞ்சின் போட்டது" என்று முந்திய சொந்தக்காரர் சொன்னால் எந்த ஏ40 என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் தகவலை மறந்துவிடுங்கள்.

தகடு எங்கே, அதில் என்ன இருக்கிறது

பொனற்றைத் திறந்து காரின் வலதுபக்கம், அதாவது சாரதி பக்கம், வாருங்கள். டைனமோவுக்கு மேலே புளொக்கில் சிறிய உலோகத் தகடொன்று றிவிற் அடித்து ஒட்டியிருக்கும். அரை நூற்றாண்டு எண்ணெயும் புழுதியும் அதன்மேல் படிந்திருப்பதால் முதல் பார்வைக்குப் படாது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சிறிதுநேரம் அதன்மேல் வைத்துவிட்டு, பிறகு பழைய பல்துலக்கியால் தேயுங்கள். இரும்புக் கம்பித் தூரிகையை மட்டும் கிட்ட கொண்டுபோகாதீர்கள். தகடு மெல்லியது, எழுத்து ஆழமில்லாமல் அடித்தது. அழுக்கோடு எழுத்தும் போய்விட்டால் பிறகு பதிவுத் திணைக்களத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

துடைத்த பிறகும் வாசிக்க முடியாவிட்டால் டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். நிழல் விழும்போது எழுத்து எழும்பி நிற்கும். மெல்லிய கடதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரசினாலும் பதிவு கிடைக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கடைக்கு அனுப்புவதற்கும் அந்தப் படம் உதவும்.

இலக்கத்தின் பின்பகுதி வெறும் வரிசை எண். உங்களுக்கு முக்கியம் முன்னால் வரும் எழுத்துகள். 'ஏபிஎச்எம்' என்று தொடங்கினால் 803. 'ஏபிஜேஎம்' என்று இருந்தால் தொடக்ககால 948. அதன்பின் நிறுவனம் முறையை மாற்றியது. புதிய முறை வாசிக்க இலகுவானது. உதாரணமாக '9எம்-யூ-எச்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 என்பது சிசி அளவைச் சொல்கிறது: ஏறத்தாழ 950. எம் என்றால் மொறிஸ். யூ என்றால் கியர் கம்பு தரையின் நடுவில். எச் என்றால் அழுத்தம் கூடிய எஞ்சின். அந்த இடத்தில் எல் இருந்தால் அழுத்தம் குறைந்தது. '10எம்ஏ' என்று தொடங்கினால் 1098. எம் இருக்கவேண்டிய இடத்தில் ஏ என்ற எழுத்தைக் கண்டால் எஞ்சின் ஒஸ்ரின் காரிலிருந்து வந்தது. 9சி, 10சிசி போன்றவை ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற்றுக்கு உரியவை. அவை மைனருக்குள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பாகம் தேடுவதில் கொஞ்சம் கஷ்டம்.

எச்சா எல்லா என்பதைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். 948இல் எச் வகையின் அழுத்த விகிதம் 8.3, எல் வகையில் 7.2. 1098இல் முறையே 8.5, 7.5. தரங்குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளை நினைத்துச் செய்ததே எல் வகை. இரண்டுக்கும் பிஸ்ரன் வேறு. 'எல்' எஞ்சினுக்கு 'எச்' பிஸ்ரன் போட்டால் கார் ஓடும். ஆனால் தீப்பொறி நேரத்தைப் பழைய குறியிலேயே விட்டால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். 

தகட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

பாதி நம்பலாம். தகடு றிவிற்றில் நிற்கிறது, றிவிற்றைக் கழற்றலாம். புளொக் வெடித்து வேறு புளொக் மாற்றியவர்கள், பதிவுப் புத்தகத்து இலக்கம் மாறக்கூடாது என்று பழைய தகட்டையே புதிய புளொக்கில் அடித்த கதைகள் ஒன்றிரண்டல்ல. தகட்டைச் சுற்றிப் பெயின்ற் உடைந்திருக்கிறதா, றிவிற் தலைகள் ஒரேமாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆணியோ திருகாணியோ நின்றால் அந்தத் தகடு ஒருமுறையாவது இடம்மாறியிருக்கிறது.

நிறத்தையும் பாருங்கள். அழுக்குக்கு அடியில் பொன்னிறப் பெயின்ற் தெரிந்தால் அது 'கோல்ட் சீல்' எனப்பட்ட, நிறுவனமே புதுப்பித்து விற்ற மாற்று எஞ்சினாக இருக்கலாம். அப்படியானால் அதன் இலக்கம் காரின் இலக்கத்தோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டியதும் இல்லை.

அடுத்த சாட்சி புளொக்கே. வார்க்கும்போதே எழும்பி நிற்கும்படி செய்த எண்களை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. புளொக்கின் பக்கவாட்டில் 950 அல்லது 1100 என்ற எண்ணைத் தேடுங்கள். சுத்தம் செய்து வெண்கட்டியை அதன்மேல் தேய்த்தால் எண் வெள்ளையாகத் தெரியும். 950 என்றால் 948. 1100 என்றால் 1098. ரொக்கர் கவரைக் கழற்றினால் ஹெட்டிலும் ஒரு வார்ப்பு இலக்கம் தெரியும்; 1098இல் அதிகம் காண்பது 12ஜி202. ஆனால் ஹெட்டை வைத்து எஞ்சினைத் தீர்மானிக்காதீர்கள். இந்தக் குடும்பத்தில் ஹெட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாராளமாக இடம்மாறியவை. கார்பரேற்றரும் அப்படியே. அது சாட்சியே அல்ல, வழிப்போக்கன்.

லூக்காஸ் திகதி

மாதம் வருடம் என்று திட்டமாக ஒரு திகதி வேண்டும் என்றால் மின்பாகங்களைப் பாருங்கள். டைனமோ, டிஸ்ரிபியூட்டர், ஸ்ரார்ட்டர் ஆகியவற்றின் உடம்பில் லூக்காஸ் நிறுவனம் பாக இலக்கத்துக்குப் பக்கத்தில் சிறிய எண்களால் திகதி அடித்திருக்கிறது. பழையவற்றில் மாதமும் ஆண்டும். பின்னர் வந்தவற்றில் ஆண்டின் எத்தனையாவது கிழமை என்பதும் ஆண்டும். '3 58' என்றால் 1958 மார்ச். '42 64' என்றால் 1964இன் 42ஆவது கிழமை, அதாவது ஒக்ரோபர் நடுப்பகுதி. முதல் எண் 12க்கு மேல் போனால் அது கிழமை என்பதில் ஐயம் இல்லை. 12க்குள் இருந்தால் மற்றப் பாகங்களின் திகதியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று பாகங்களும் சில மாத இடைவெளிக்குள் நின்றால், அவை ஒரே காரில் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருக்கின்றன என்று நினைக்கலாம். கார் அவற்றுக்குச் சிறிது பிந்திக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று 58, மற்றது 64, இன்னொன்று 71 என்று இருந்தால் உங்கள் கார் பல கைகள் மாறிய கார். எதுவானாலும் டைனமோவுக்கு பிரஷ், டிஸ்ரிபியூட்டருக்கு பொயின்ற் வாங்கும்போது எஞ்சினின் ஆண்டைச் சொல்லாமல் அந்தந்தப் பாகத்தில் அடித்த இலக்கத்தையே சொல்லுங்கள்.

காரின் சொந்தப் பிறந்தநாளை அறிய ஆசையுள்ளவர்களுக்கு இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் வழி வைத்திருக்கிறது. தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து, கார் கட்டப்பட்ட திகதி, முதலில் பூட்டிய எஞ்சினின் இலக்கம் முதலியவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள், கட்டணம் உண்டு. சுவரில் மாட்ட நல்லது. பிஸ்ரன் வாங்க உதவாது, ஏனென்றால் அது சொல்வது அன்றிருந்த எஞ்சினை.

அளந்தால்தான் முடிவு

தகடு, வார்ப்பு எண், லூக்காஸ் திகதி மூன்றும் ஒத்துவந்தாலும் ஹெட் கழன்ற பிறகு அளக்காமல் பிஸ்ரனுக்குக் காசு கட்டாதீர்கள். பிளக் துளைக்குள்ளால் கம்பி விட்டு ஸ்ட்ரோக்கை அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏ சீரிஸில் பிளக் பக்கவாட்டில் சரிந்து நிற்கிறது. கம்பி நேரே இறங்காது. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

வேனியரால் சிலிண்டரின் வாய்விட்டத்தை அளவுங்கள். பிறகு பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து ஓர் அளவு, அடிக்கு இறக்கி ஓர் அளவு, வித்தியாசம் ஸ்ட்ரோக். 803இல் துளை 58 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஸ்ட்ரோக் 76.2. 948இல் துளை 62.9, ஸ்ட்ரோக் அதே 76.2. 1098இல் துளை 64.6, ஸ்ட்ரோக் 83.7.

கணக்கும் சுலபம். நான்கு சிலிண்டர் என்பதால் சூத்திரத்தில் வகுக்கும் நாலும் பெருக்கும் நாலும் அடிபட்டுப்போகும். துளையைச் சென்ரிமீற்றரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 3.1416ஆல் பெருக்கினால் நேரே சிசி வந்துவிடும். 6.29 x 6.29 x 7.62 x 3.1416 என்று போட்டுப் பாருங்கள்: 947 சொச்சம்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. தேய்ந்த எஞ்சினை லேத்தில் கொடுத்துத் துளைக்கும்போது பத்துத் தவ், இருபது தவ் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று. 948 எஞ்சினை அறுபது தவ் வரை துளைத்துவிட்டால் அதன் வாய்விட்டம் 64.4 மில்லிமீற்றரைத் தாண்டும். துளைக்காத 1098இன் வாய்விட்டமோ 64.6. துளையை மட்டும் அளந்தவர் "இது 1098" என்று சத்தியம் பண்ணுவார். ஸ்ட்ரோக் பொய் சொல்லாது. 76 என்றால் 948, 84க்குக் கிட்ட என்றால் 1098. இரண்டு அளவையும் எடுக்காமல் வேலையை நிறுத்தாதீர்கள்.

பிஸ்ரனின் தலையில் கரியைச் சுரண்டினால் 020, 040 போன்ற எண் அடித்திருக்கும்; அது துளைத்த அளவு. எண்ணே இல்லாவிட்டால் துளைக்காத எஞ்சினாக இருக்கலாம், ஆனாலும் அளவோடு ஒப்பிடுங்கள். கீழே பெரியமுனை பேரிங்கைக் கழற்றியவர்கள் அதன் முதுகைப் பாருங்கள். கிராங்கை எவ்வளவு அரைத்தார்கள் என்பது அங்கே இருக்கும். சிலவற்றில் பேரிங் செய்த மாதமும் ஆண்டும்கூட இருக்கும். எஞ்சின் கடைசியாக எப்போது பிரித்துப் பூட்டப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அரைக்காத கிராங்கில் பெரியமுனைக் கழுத்து 803க்கு 36.5 மில்லிமீற்றர், 948க்கும் 1098க்கும் 41.3. கிராங்கை வேனியரால் அளக்காமல் லேத்துக்காரரின் மைக்ரோமீற்றரால் அளப்பியுங்கள்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் பெற்றோல் அருமையாகி, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும். பேரிங்கும் றிங்கும் தேயும். அந்தக் காலத்தைக் கடந்து வந்த எஞ்சினில் நாலு சிலிண்டரையும் தனித்தனியே அளப்பது நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் வேறு அளவில் இருந்தாலோ, ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கற் இருந்தாலோ வியப்படைய வேண்டாம். கிடைத்ததைக் கொண்டு காரை ஓட வைத்தவர்களின் கைவேலை அது.

கிளச்சுக்குத் தனி விதி

948க்கு ஆறேகால் அங்குலக் கிளச் பிளேற், 1098க்கு ஏழேகால். ஆனால் 948 காருக்கு 1098 எஞ்சின் வைத்தவர்கள் பழைய கியர்பொக்ஸை விட்டுவைப்பதற்காகப் பழைய பிளைவீலையும் பின்தகட்டையும் கிளச்சையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம். கியர்பொக்ஸின் கூட்டைத் தடவிப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் பழையது, வரம்பு வரம்பாக இருந்தால் 1098உடன் வந்தது. அதற்குப் பிறகும் கழற்றிய பழைய பிளேற்றை அளந்தே புதியதை வாங்குங்கள். எஞ்சினின் ஆண்டு இங்கே எதையும் நிரூபிக்காது.

கடைக்கு எப்படி எழுதுவது

மைனருக்கான பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. தகட்டுப் பாகங்களை நம் தீவின் தெற்கிலேயே செய்து அங்கு அனுப்பிய காலமும் உண்டு. அங்குள்ள கடைகளுக்கு நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எஞ்சின் இலக்கத்தின் முன்பகுதி 9எம்-யூ-எச், படம் இணைப்பு. புளொக்கில் 950. ஸ்ட்ரோக் 76.2. தற்போதைய பிஸ்ரன் இருபது தவ், லேத்தில் முப்பதுக்குத் துளைக்கப் போகிறோம். பெரியமுனை பத்துத் தவ் அரைத்தது. முப்பது தவ் பிஸ்ரன் செற் றிங்குடன், பெரியமுனை பேரிங் பத்துத் தவ்." காரின் ஆண்டை எழுதாவிட்டாலும் குறையில்லை. எழுதினால், எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ50, ஏ55 வைத்திருப்பவர்கள் இங்கிலாந்துக்குப் போகமுன் சென்னைப் பக்கம் விசாரிக்கலாம். அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சின் அதே பி சீரிஸ்தான். மைனர்காரர்கள் அந்த வழியில் போக வேண்டாம்; அம்பாசடரின் பிஸ்ரன் எதுவும் உங்கள் எஞ்சினுக்குள் போகாது.

புளொக்கைத் துளைப்பதற்கு முன் பிஸ்ரன் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருங்கள். லேத்துக்காரர் அவசரப்படுத்துவார். வந்த பிஸ்ரனை அளந்து, அதற்கேற்பத் துளைப்பதே முறை. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்திலிருந்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்திருந்தால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாளில் அந்த வேலையைத் தொடங்கினால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். புதிய பாகம் பூட்டி எஞ்சின் ஓடும்வரை, கழற்றிய பழைய பிஸ்ரன், பேரிங், கிளச் பிளேற் ஒன்றையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.